ஒரு சாண் இரும்பு

லைட்டு அணைந்துவிட்டது. அணைந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை, காலையிலேயே அது கண்ணைச் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது, ஃபோர்மேன் உய்க்காட்டானிடம் சொன்னதற்கு "இன்னைக்கு ஒரு நா ஓட்டுங்க அண்ணாச்சி, நாளைக்குப் புதுசு வாங்கிருவோம்" என்றான், நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிச் சொல்லியே ஒரு மனுசனைப் பைப்புக்குள் அனுப்பிவிடலாம். பலவேசம் குப்புறப் படுத்தபடியே நெற்றியில் கட்டியிருந்த விளக்கைத் தட்டிப் பார்த்தார். லேசாக ஒரு தட்டு, கோபமாக ஒரு தட்டு. விளக்கு எழுந்திருக்கவில்லை. சரி, கிட. வீட்டு இருட்டு வேறு, பைப்பு இருட்டு வேறு, வீட்டு இருட்டில் சுவர் தள்ளி நிற்கும், இங்கே முதுகை வந்து உரசும். குடிநீர் பைப்பு, எழுந்து நிற்க முடியாது, குத்தவைத்தால் தலை இடிக்கும், நாலு சின்னச் சக்கரம் வைத்த பலகையில் படுத்துக்கொண்டு கையை ஊன்றி ஊன்றித் தள்ளிப் போக வேண்டும், முன்னால் சாந்துச் சட்டி, இடுப்பில் கரண்டி. பைப்பின் உள்பக்கம் முழுக்க வரும்போதே சிமெண்டு பூசித்தான் வருகிறது, ஆனால் இரண்டு பைப்பைச் சேர்த்து வெல்டு வைக்கிற இடத்தில் மட்டும் கையகலத்துக்கு இரும்பு வெறுமனே கிடக்கும், தண்ணீர் பட்டால் துருவேறும், அதற்காக உள்ளே போய்ச் சாந்து பூச ஒரு ஆள் வேண்டும், ஒல்லியான ஆள், பயப்படாத ஆள். பலவேசம் ஒல்லி. பயப்படாதவர் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரோட்டோரத்து வாயில் நுழைந்து, நேரான பைப்புகளைப் பூசி, லைன் ஓடைப்பக்கம் திரும்புகிற வளைவையும் பூசி, வளைவின் கடைசி முனைக்கு வந்த இடத்தில்தானா இந்தச் சனியன் அணைய வேண்டும். இடுப்புக் கயிற்றை வளைவுக்கு முன்னாலேயே அவிழ்த்துவிட்டாயிற்று, வளைவில் கயிறு மாட்டும். திரும்பவும் முடியாது, பின்னால் பூசினதெல்லாம் ஈரம், அதன்மேல் சக்கரம் ஏறினால் காலையிலிருந்து செத்த சாவெல்லாம் வீண். முன்னால் போகலாம், முன்னால் ஓடைப்பக்கத்து வாய் இருக்கிறது, ஆனால் அதில் ஒரு நாய் போன வாரம் குட்டி போட்டது, அதிலிருந்து பலகை வைத்துச் சாக்குக் கட்டி அடைத்திருக்கிறார்கள். "நீங்க வளைவு தாண்டதுக்குள்ள நான் சுத்திப் போய்த் தொறந்துருவேன்" என்றான் உய்க்காட்டான். திறக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்திருப்பான். அவன் சோறு தின்கிற அழகை நினைத்தால் மழைக்காலம் வந்து போய்விடும்.

இருட்டில் சும்மா கிடக்கவும் பிடிக்காமல் பலவேசம் கையை முன்னால் நீட்டினார். வலது கை. இரும்பு தட்டுப்பட்டது, வெயிலில் கிடக்கிற பைப்பின் இளஞ்சூடு, பிறகு வெல்டு, சட்டைத் தையலைத் தடவுகிற மாதிரி ஒரு மேடு. வளைவும் நேர்ப்பைப்பும் சேருகிற இடம். இதற்கு அப்புறம் கையகலத்துக்கு இரும்பு, பிறகு சிமெண்டு சொரசொரப்பாக ஆரம்பிக்கும், பிறகு பைப்பு முழுநீளத்துக்கு ஒன்றும் கிடையாது. கையை நகர்த்தினார். சிமெண்டு வரவில்லை. இரும்புதான் வந்தது, இன்னும் கொஞ்சம் இரும்பு, ஒரு சாண் போயிருக்கும், மறுபடியும் ஒரு மேடு. என்ன இது. கையைப் பின்னால் இழுத்தார். மேடு. முன்னால் தள்ளினார். மேடு. ஒரு சாணுக்குள் இரண்டு வெல்டு. வளைவுக்குள் அப்படி இருக்கும், அது வேறு, வெள்ளரிக்காயைச் சாய்வாக நறுக்கி ஒட்டவைத்த மாதிரி துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் வளைவைச் செய்வார்கள், உள்வட்டத்தில் வெல்டுகள் நெருங்கும், அதற்குப் படம் உண்டு, கணக்கு உண்டு. வளைவு முடிந்த பிறகு கிட்டக் கிட்ட வரக் கூடாது. ஜெனிட்டா மேடம் வந்த புதிதில் இதற்காக ஒரு ஆட்டம் ஆடியது இன்னும் காதில் இருக்கிறது. சின்னப் பிள்ளைதான், எஞ்சினியர், தலையில் வெள்ளைத் தொப்பியும் காலில் தொளதொளத்த ஷூவுமாகப் பள்ளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டு, "ரெண்டு வெல்டுக்கு நடுவுல பைப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவாவது இடம் விடணும், எத்தனை தடவ சொல்றது? ஒரு தடவ சுட்ட இடத்துக்குப் பக்கத்துலயே இன்னொரு தடவ சுட்டா அந்த இரும்பு தாங்குமா? தண்ணி உள்ள எந்த வேகத்துல வரும்னு தெரியுமா?" என்று கத்தியது. இரும்புக்கே அப்படி. பெண்டாட்டி பிரம்மசக்தியிடம் அன்று சாயங்காலம் இதைச் சொன்னபோது அவள் புளியைக் கரைத்துக்கொண்டே "மனுசனுக்கு அப்படி யாரு இடம் விடுதா" என்றாள். அவளுக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு.

இரண்டு வெல்டு. இருக்கிறதா, இல்லை கை சொல்கிறதா? அங்கேதான் சிக்கல். இந்தக் கை கொஞ்ச நாளாகச் சரியில்லை. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, சாந்தில் இருந்த சுண்ணாம்பு என்று நினைத்தார், பிறகு உள்ளங்கை மரத்தது, பிறகு ஒரு நாள் டீக்கடையில் கிளாஸைப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பிடிக்காமல் நின்று, டீ முழுவதும் பக்கத்தில் நின்ற பால்காரன் வேட்டியில். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரண்ட் போன ஒரு நாள் சட்டைப் பொத்தானைத் தேடிய கை ஒரு பொத்தானை இரண்டு என்று சொன்னது. நெஞ்சிலே ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக இரண்டு பொத்தான். கரண்ட் வந்ததும் பார்த்தால் ஒன்றுதான். கண் திறந்திருக்கும்போது கை கண் சொல்கிறதைக் கேட்டுக்கொண்டு ஒழுங்காக இருக்கிறது, இருட்டில் விட்டால் தன் இஷ்டத்துக்குப் பேசுகிறது. அப்படியென்றால் இப்போது பேசுவதும் அந்தப் பேச்சுதானோ? ஒரே வெல்டை இரண்டாக்கிச் சொல்கிறதோ? ஆனால் பொத்தான் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது, இது ஒரு சாண் தள்ளி இருக்கிறது. பொய் சொல்கிற கைக்கு ஒரு விரற்கடை என்ன, ஒரு சாண் என்ன. பலவேசம் கரண்டியை நழுவவிட்டுவிட்டு மறுபடி தேடி எடுத்தார். கை போனது என்றால் தொழில் போனது. வேறென்ன தெரியும் அவருக்கு, வெளியே சாரம் ஏறிச் சுவர் பூசுகிற வயசா இது, கொத்தனார்கள் எல்லாம் இப்போது மெஷின் வைத்துப் பீய்ச்சுகிறார்கள். பைப்புக்குள்தான் இன்னும் கை வேண்டியிருக்கிறது. அந்தக் கை. இடது கையால் தடவிப் பார்த்தால் ஒரு நிமிசத்தில் தெரிந்துபோகும். இடது கை நல்ல கை, அது பொய் சொன்னதே இல்லை. அதனால்தான் பலவேசம் அதை நீட்டவில்லை. அது பாட்டுக்கு நெஞ்சுக்கடியில் மடங்கிக் கிடந்தது, அவர் அதை அங்கேயே அமுக்கிப் படுத்துக்கொண்டார். ஒன்றுதான் இருக்கிறது என்று அது சொல்லிவிட்டால்?

மேலே எங்கேயோ ஒரு லாரி போனது, பைப்பு முழுக்க அது முனகியது. பிறகு அமைதி, காற்றை உள்ளே தள்ள ரோட்டோர வாயில் வைத்த காத்தாடியின் உறுமல் மட்டும், அதுவும் வளைவைத் தாண்டி வரும்போது இளைத்துப்போய் வருகிறது. மூச்சு விடலாம், நிறையக் காற்று இருக்கிறது என்று அவர் தனக்கே சொன்னார். சொன்னதுமே மூச்சு முட்டியது. இது முன்னால் கிடையாது. எத்தனை வருசமாகப் பைப்புக்குள் போகிறார், ஓடைக்கு அடியில், ரோட்டுக்கு அடியில், ஒரு தடவை சுடுகாட்டுக்கு அடியில்கூட, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உள்ளேயே ஒரு தூக்கம் போடுவார், குளுகுளு என்று இருக்கும், உய்க்காட்டான் ஸ்பேனரால் வெளியே தட்டி எழுப்புவான். பயம் என்கிற சாமான் திருநெல்வேலியில் அந்த ஸ்கேன் மெஷினில்தான் அவருக்குள் ஏறியது. கை மரப்பதைக் காட்டியதற்கு, கழுத்தில் நரம்பு அமுங்கியிருக்கும், ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். போனார்கள். பளிங்கு மாதிரித் தரை, ஏசி, வெள்ளையாக ஒரு குழாய். பலவேசத்துக்குச் சிரிப்பு வந்தது. இதுக்குள்ளயா, இதுக்குள்ளயா படுக்கணும், நான் படுக்காத குழாயா. பிரம்மசக்திகூட வெளியே நின்ற ஒரு அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மெஷின்காரப் பையன் ஒரு ரப்பர் உருண்டையை அவருடைய வலது கையில் வைத்து, பயமா இருந்தா இத அமுக்குங்க, நாங்க நிறுத்திருவோம் என்றான். எனக்கா பயம். உள்ளே போனதும் டக் டக் டக் என்று அடித்தது. யாரோ வெளியே நின்று ஸ்பேனரால் தட்டுகிற மாதிரி, ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாத மாதிரி. அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். பிறகு சும்மா, ஒரு வேடிக்கைக்கு, அந்த உருண்டையை அமுக்கிப் பார்ப்போமா என்று தோன்றியது. அமுக்கினார். அமுக்கினாரா? கை ஒன்றும் சொல்லவில்லை. அமுக்கினேனா இல்லையா, உருண்டை கையில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா, கையே இருக்கிறதா. யாரும் வரவில்லை. டக் டக் டக். அவ்வளவுதான், ஐம்பது தாண்டிய மனுசன் மாடு கத்துகிற மாதிரி கத்தினார், காலால் உதைத்தார், வேட்டியாக இருந்தால் அவிழ்ந்திருக்கும், நல்லவேளை அவர்கள் கொடுத்த பச்சை அங்கி. வெளியே இழுத்துப் போட்டார்கள். என்ன வேல பாக்கீங்க என்று அந்தப் பையன் கேட்டான். பைப்புக்குள்ள சாந்து பூசுதேன் என்றார். அவன் நர்ஸைக் கூப்பிட்டு அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். பிரம்மசக்தி அதைச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை, இப்போது கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவன் "என்ன மச்சான், குழாய்க்குப் பயந்தீராமே" என்றுதான் இலையில் தண்ணீர் தெளிக்கிறான். எல்லாரும் சிரிக்கட்டும், அவளும் சிரிக்கட்டும். ஆனால் அன்றிலிருந்து எந்தக் குழாய்க்குள் படுத்தாலும் அது அந்தக் குழாய்தான். ஒவ்வொரு தடவையும் வாயில் தெரிகிற வெளிச்ச வட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் பூசுகிறார். நேர்ப்பைப்பு என்றால் சமாளித்துவிடலாம். வளைவுதான் ஆளைக் கொல்கிறது. வளைவில் திரும்பினதும் பின்னால் வட்டம் பிறையாகி, பிறை கீற்றாகி, கீற்றும் போய்விடும். இதை யாரிடம் சொல்ல? நீச்சல்காரன் தண்ணிக்குப் பயம் என்று சொன்னால் ஊர் நம்புமா?

சரி, இரண்டு வெல்டுதான் என்று வைத்துக்கொள்வோம். யார் வைத்தது? அது தெரியாமல் என்ன. போன மாசம் அம்மன் கோயில் கொடை, பாதிப் பேர் பந்தக்கால் நட்ட அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டான்கள், ஜெனிட்டா மேடமும் லீவு, இந்த வளைவைத்தான் உய்க்காட்டான் அவசரம் அவசரமாகப் பொருத்தினான், அன்று ராத்திரி வில்லுப்பாட்டுக்கு அவன் ஊரில் இருக்க வேண்டும், கொடைக்கு வரி கொடுக்கிற வரிதாரர் அவன். வளைவு எவ்வளவு நீளத்தை எடுக்கும் என்று டேப்பை வளைவின் முதுகில் வைத்து அளந்திருப்பான். முதுகில் அளந்தால் நீளம் கூடும், நடுக்கோட்டில்தான் அளக்க வேண்டும், எல்லாருக்கும் தெரியும், அவசரத்தில் எல்லாரும் முதுகில்தான் வைப்பார்கள், டேப்பு அங்கேதான் வழுக்காமல் நிற்கும். முதுகுக் கணக்கில் நேர்ப்பைப்பை வெட்டியிருப்பான், கொண்டுவந்து வைத்தால் ஒரு சாண் குறைந்திருக்கும். அந்த ஒரு சாணுக்கு ஒரு துண்டை வளையமாக அறுத்து, உள்ளே இருந்த சிமெண்டைக் கொத்திவிட்டு, நடுவில் செருகி இரண்டு பக்கமும் வெல்டு வைத்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றியிருப்பான். சுற்றினபிறகு யாருக்குத் தெரியும்? மேலே டேப்பு, கீழே மண், உள்ளே சாந்து. சாந்து. பலவேசத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மூடி போடுகிறவன் நான்தான். சட்டியில் இன்னும் சாந்து இருக்கிறது, இறுகிக்கொண்டு வருகிறது, இருட்டானால் என்ன, ஒரு சாண் இடத்தையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்து வழித்துவிட்டால் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விடும். உய்க்காட்டான் பிழைப்பான். அவன் கெட்டவன் இல்லை, இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே அவன்தான், வெயில் காலத்தில் மோர் வாங்கித் தருகிறவன். தண்ணீர் விடுகிற அன்று இந்த இடம் பிளந்தால்? பிளக்காமலும் போகலாம், எத்தனையோ பைப்பு எப்படி எப்படியோ கிடக்கிறது. பிளந்தால் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர் கிடையாது, அவர்கள் இப்போதும் குடத்தோடு லாரியைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள் நிற்பார்கள், அவ்வளவுதானே. அவ்வளவுதானா? களைப்பாக இருந்தது அவருக்கு. நியாயம் பேசுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவர் சாந்தை அள்ளினார், இரும்பின்மேல் கொண்டுபோனார், அப்படியே நிறுத்தினார். பூசிவிட்டால் கை பொய் சொன்னதா உண்மை சொன்னதா என்று இந்த ஜென்மத்துக்கும் தெரியப்போவது இல்லை. அதுதான் அவரை நிறுத்தியது, ஊரும் இல்லை, தண்ணீரும் இல்லை. இரண்டு வெல்டு உண்மையென்றால் இந்தக் கை நல்ல கை. யாரும் கண்ணால் பார்க்காததை இருட்டில் பார்த்த கை. முத்தாரம்மா, அங்க ரெண்டு இருக்கட்டும் தாயே, என்று பலவேசம் ஒரு தப்பான வெல்டுக்காகச் சாமி கும்பிட்டார்.

சாந்தைச் சட்டியிலேயே வழித்துப் போட்டுவிட்டுப் பலகையைத் தள்ளினார். ஊன்று, தள்ளு. ஊன்று, தள்ளு. உழக்குக்குள் கிழக்கு மேற்கு என்பார்கள், இந்த உழக்குக்குள் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, இரண்டே திசை, அதிலும் ஒன்று ஈரம். சிமெண்டு சொரசொரப்பு உள்ளங்கைக்குக் கீழே ஓடியது, வலது கைக்கு அது மணலாகத் தெரிந்தது, அப்புறம் துணியாகத் தெரிந்தது, அப்புறம் ஒன்றுமாகவும் தெரியவில்லை. டக் டக் டக். வெளியே யாரோ தட்டுகிறார்கள். ஸ்கேன் மெஷின். இல்லை, ஸ்பேனர். ஸ்பேனர்தான், உய்க்காட்டான்தான், உயிரோடு இருக்கீயளா என்று கேட்கிறான், பதிலுக்குத் தட்ட வேண்டும், கரண்டி எங்கே, இடுப்பில், கை கரண்டியைப் பிடித்ததா இல்லையா, பிடித்ததா இல்லையா, அவருக்குக் கத்த வந்தது, அப்போது நேர் எதிரே, தூரத்தில், யாரோ சாக்கை அவிழ்த்தார்கள். வட்டம். சோற்றுத் தட்டு அளவுக்கு வெளிச்சம், அதன் ஓரத்தில் ஒரு நாய்க்குட்டியின் காது. அதைப் பார்த்த பிறகு பலவேசம் கொஞ்ச நேரம் அழுதார். உள்ளேயே அழுது உள்ளேயே துடைத்துக்கொண்டார், முகத்தில் சிமெண்டுத்தூள் இருந்ததால் வெளியே யாருக்கும் தெரியாது.

வெளியே வந்ததும் வெயில் கண்ணில் அறைந்தது. பள்ளத்துக்குள் உய்க்காட்டான் நின்றான், மேட்டில் ஜெனிட்டா மேடம் குடை பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான், தண்ணீர் பாட்டிலைத் திறந்து தந்தான்.

"லைட்டு போயிட்டா அண்ணாச்சி? நான் ஒரு மடையன், காலைலயே மாத்தியிருக்கணும். வளைவெல்லாம் பூசியாச்சுல்லா?"

"வளைவு ஆச்சு. அந்தக் கடைசி சேர்மானம் மட்டும் பூசல."

"அங்க ஒரு வெல்டுதான இருக்கு. நாளைக்கு ஒரு கரண்டி அப்பிருவோம்."

பலவேசம் தண்ணீரைக் குடிக்காமல் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். எத்தனை வெல்டு என்று யாரும் கேட்கவில்லையே. கேட்காத கேள்விக்கு ஒருவன் பதில் சொன்னால் அந்தப் பதில் அவன் வாயிலேயே உட்கார்ந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். உய்க்காட்டானுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவன் மேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வீட்டுல மைனி அன்னைக்குச் சொன்னாவ, கை மரத்துப்போகுதுன்னு. இருட்டுல ஒண்ணு ரெண்டாத் தெரியுதாம்லா. நான் யார்ட்டயும் சொல்லல அண்ணாச்சி. சொல்லவும் மாட்டேன். எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் பாருங்க, நான் இருக்கேன்."

நல்ல மனசோடுதான் சொன்னான், அதுதான் கொடுமை. நீ என்னுடையதை மூடு, நான் உன்னுடையதை மூடுகிறேன். ஒரு சாண் இரும்பும் ஒரு கையும். பலவேசத்துக்குத் தலையாட்டிவிட்டு வேப்பமரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது, அவ்வளவு அலுப்பு. ஆனால் ஒன்று ரெண்டாத் தெரியுதாம்லா என்று அவன் சொன்ன விதம் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. என் கையைப் பொய்யாக்கி அதற்குள் உன் பொய்யை ஒளிக்கப் பார்க்கிறாயே.

"மேடம்," என்று மேட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "வளைவு முடியுத இடத்துல ரெண்டு வெல்டு இருக்கு. ஒரு சாணுக்குள்ள."

ஜெனிட்டா போனை இறக்கியது. "என்ன சொல்றீங்க பலவேசம் அண்ணா? நல்லாப் பாத்தீங்களா?"

"பாக்கல. லைட்டு இல்ல. தடவினேன்."

"இருட்டுல தடவினா என்ன தெரியும் மேடம், அண்ணாச்சிக்குக் கை..." என்று ஆரம்பித்த உய்க்காட்டான் நிறுத்திக்கொண்டான். அவ்வளவு தூரம் போக அவனுக்கும் மனசு வரவில்லை போல. ஜெனிட்டா அதற்குள் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. வளைவு வரை நடந்து, கறுப்பு டேப்பைக் காட்டி, "இதைக் கிழிங்க" என்றது. உய்க்காட்டான் நின்ற இடத்திலேயே நின்றான். அதுவே பையிலிருந்து கத்தியை எடுத்துக் கிழித்தது. டேப்பு சர்ரென்று உரிந்தது. உள்ளே இரும்பு பளபளத்தது, அதன்மேல் இரண்டு வெல்டு, சுற்றிலும் நீலம் பாரித்த சூட்டுத் தடம், இந்த வெல்டின் தடமும் அந்த வெல்டின் தடமும் நடுவில் ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன. ஜெனிட்டா போனை எடுத்துப் போட்டோ பிடித்தது. உய்க்காட்டான் கீழே உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தான், அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. "முதுகுல அளந்துட்டேன் மேடம்" என்றான், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

பலவேசத்துக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பாவம் உய்க்காட்டான் என்று ஒரு பக்கம் நினைத்தார், மறு பக்கம் அவருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இருக்கு, ரெண்டு இருக்கு. கை சொன்னது சரி. கண் இல்லாமல், லைட்டு இல்லாமல் சொன்னது. பிரம்மசக்தியிடம் இன்றைக்குச் சொல்ல வேண்டும், சொந்தக்காரனுக்கெல்லாம் போன் போட்டு இதையும் சொல்லு என்று சொல்ல வேண்டும். அவர்கள் இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடைப்பக்கமாக நடந்தார். வாய்க்கு அப்பால், இனிமேல் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய பைப்பில் ஒரு சேர்மானம், இன்னும் டேப்பு சுற்றாதது, வெயிலில் திறந்து கிடந்தது, முறையாக வைத்த ஒரே ஒரு வெல்டு. சும்மாதான் நின்றார். சும்மாதான் கண்ணை மூடினார். வலது கையை வைத்து மெதுவாக நகர்த்தினார். மேடு வந்தது. இன்னும் நகர்த்தினார். ஒரு சாண் போயிருக்கும், மறுபடியும் மேடு. கண்ணைத் திறந்தார். ஒன்று. மூடினார். இரண்டு. வெயில் கழுத்தில் இறங்கியது, எங்கேயோ நாய்க்குட்டி கத்தியது, அவர் இன்னொரு தடவை செய்து பார்க்கவில்லை. இடது கையை எடுத்து வைத்தார். அது எந்தச் சிரமமும் இல்லாமல் ஒன்று என்றது.

அப்படியென்றால் பைப்பும் தப்பு, கையும் தப்பு. இரண்டும் இருக்கலாம் என்று பைப்புக்குள் கிடந்தபோது அவருக்குத் தோன்றவே இல்லை. இரும்பின்மேல் சாய்ந்துகொண்டார். நியாயமாகப் பார்த்தால் இப்போது துக்கம் வர வேண்டும், வந்ததும் வந்தது, ஆனால் அதோடு சேர்ந்து ஒரு பாரத்தை இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது. இனிமேல் திரும்பித் திரும்பி வட்டத்தைப் பார்க்க வேண்டாம். அவர் வளைவுக்குத் திரும்பி நடந்தார். உய்க்காட்டான் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தான், ஜெனிட்டா யாருக்கோ போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தது.

"மேடம், உள்ள நான் இன்னைக்குப் பூசினதையும் ஒரு ஆளை விட்டுத் தட்டிப் பாருங்க. சாந்து ஒட்டாம பொள்ளலாச் சத்தம் கேட்டா கொத்திட்டுத் திரும்பப் பூசச் சொல்லுங்க. என் கைக்கு அமுக்கினது அமுக்காதது தெரியல. ரெண்டுன்னு சொன்னதுகூட அதுவா தெரிஞ்சு சொன்னதில்ல."

ஜெனிட்டா அவரையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தது. உய்க்காட்டான் தலையைத் தூக்கினான். "தண்ணியாவது குடிங்க அண்ணாச்சி" என்றான். பலவேசம் பாட்டிலை இடது கைக்கு மாற்றிக் குடித்தார். திருநெல்வேலிக்கு இன்னொரு தடவை போக வேண்டும், அந்த வெள்ளைக் குழாய்க்குள் இன்னொரு தடவை படுக்க வேண்டும், அந்தப் பையன் இன்னொரு தடவை சிரிப்பான், சிரிக்கட்டும். ரப்பர் உருண்டையை மட்டும் இந்தத் தடவை இடது கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.